சடையும் சட்டகமும்: செல்லப் பிராணியைக் கணினியில் வடிக்கும் பொழுதுபோக்கு

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சியைத் தொட்டு விரியும் மருங்காபுரி வட்டாரம், மானாவாரி நிலமும் கரடுகளும் கலந்த மேய்ச்சல் பூமி. ஆடும் மாடும் இங்கே வீட்டு வரவு செலவில் ஓர் அங்கம். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறையும் பக்கத்தில்தான். இதே ஊர்களில் இன்று மடிக்கணினியும் பழகிய பொருளாகிவிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதைக் கிராமத்து மாணவர் கைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு பக்கம் விலங்குகளோடு வளர்ந்த கண்கள், மறுபக்கம் கணினி. இந்த இரண்டையும் சேர்க்கும் ஒரு பொழுதுபோக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டில் வளரும் சடை நாயையோ, பூனையையோ, செம்மறிக் குட்டியையோ முப்பரிமாண உருவாகக் கணினியில் வடிப்பதே அது.

சம்பளத்துக்காகச் செய்யும் வேலையைப் பற்றி இங்கே பேசவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆசைக்காகச் செய்கிறவருக்கு இது கைகூடுமா, எந்த வழியில் கைகூடும், செய்து முடித்தால் கிடைப்பது என்ன என்பவையே நம் கேள்விகள். இவற்றுக்கு விடை தேட, ரோமம் என்னும் சிக்கலை உலகம் எப்படி அவிழ்த்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரோமம் ஏன் கடினம்

கணினி வரைகலையில் எந்தப் பொருளும் சிறு சிறு தட்டைப் பரப்புகளின் தொகுப்பு. மேசைக்கும் காருக்கும் தெளிவான மேற்பரப்பு உண்டு. அதைப் பரப்புகளாகப் பிரித்துவிட்டால், ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று கணக்கிடலாம். அடர்ந்த ரோமமுள்ள விலங்குக்கு அப்படியோர் ஓரம் கிடையாது. அதன் உருவம் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

இதிலிருந்து மூன்று சிக்கல்கள் பிறக்கின்றன. முதலாவது எண்ணிக்கை: ஒரு சிறு உடலிலேயே லட்சக்கணக்கான இழைகள் வேண்டும். இரண்டாவது அசைவு: விலங்கு திரும்பும்போது இழைகள் சற்றுப் பிந்தி வந்து, ஒன்றோடொன்று உரசி, பிறகு அடங்குகின்றன. மூன்றாவதும் மிகக் கடினமானதும் ஒளி. ஒரு மயிரிழையில் படும் ஒளியின் ஒரு பங்கு வெளிச் செதிலில் பட்டு உடனே தெறிக்கிறது. ஒரு பங்கு இழையை ஊடுருவி மறுபக்கம் போகிறது. மற்றொரு பங்கு உள்ளே புகுந்து, பின்சுவரில் பட்டு, நிறம் ஏறித் திரும்பி வருகிறது. வெயிலுக்கு எதிரே நிற்கும் வெள்ளை நாயின் ஓரமெல்லாம் ஒளிர்வதற்கு இந்த ஊடுருவலே காரணம். இழைக்கு இழை ஒளி கடந்து போகும் பயணத்தைக் கணக்கிடாமல் விட்டால், ரோமம் சாயம் பூசிய நார்போலத் தெரியும்.

ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைவரை

கணினியில் உயிர்பெற்ற முதல் விலங்குகளில் ஒன்று பூனை. 1968-இல் மாஸ்கோவில் நிகொலாய் கான்ஸ்தாந்தினோவ் தலைமையிலான கணித அறிஞர்கள், பெஸ்ம்-4 என்னும் கணினியைக் கொண்டு நடந்துபோகும் பூனைக்குட்டி ஒன்றை உருவாக்கினார்கள். அதன் நடையைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். ஒவ்வொரு படச் சட்டத்தையும் எழுத்துக் குறிகளால் தாளில் அச்சிட்டு, அவற்றை வரிசையாகப் படம்பிடித்துத் திரைப்படமாக்கினார்கள். ரோமம் என்று அதில் எதுவும் இல்லை, வெறும் நிழலுருதான். ஆனாலும் பார்த்தவுடன் பூனை என்று தெரிகிறது, ஏனென்றால் நடை சரியாக இருக்கிறது. இந்தத் துறை முழுவதற்கும் அந்தப் பழைய படம் ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

ரோமத்தின் கதை 1989-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜேம்ஸ் கஜியாவும் திமோத்தி கேயும், பஞ்சு போன்ற ரோமம் கொண்ட கரடிப் பொம்மை ஒன்றின் கணினிப் படத்தை வெளியிட்டார்கள். இழைகளைத் தனித்தனியே வரையாமல், ரோமப் பரப்பை ஒரு கனமான அடுக்காகக் கருதி ஒளியைக் கணக்கிட்ட முறை அது. 2001-இல் வந்த பிக்ஸாரின் ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ படத்தில் சல்லி என்னும் நீலச் சடை உருவத்துக்கு ஏறத்தாழ 23 லட்சம் இழைகள் வைத்தார்கள். 2003-இல் ஸ்டீபன் மார்ஷ்னரும் உடனுழைத்தவர்களும் மனித மயிரிழைக்குள் ஒளி சிதறும் விதத்தை அளந்து எழுதினார்கள். விலங்கு ரோமத்துக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை. காரணத்தை 2015-இல் லிங்-சீ யான், ரவி ராமமூர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் விளக்கினார்கள். விலங்கு மயிரின் நடுவே ஓடும் அகணி, மனித முடியில் உள்ளதைவிடப் பெரியது. அதில் பட்ட ஒளி பல திசைகளில் சிதறிவிடுகிறது. நாய், பூனை ரோமம் மனிதத் தலைமுடியைவிட மென்மையாகவும் மங்கிய பளபளப்போடும் தெரிவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

இந்தியத் திரைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. புதுச்சேரியில் கதை தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் புலி, பெரும்பாலான காட்சிகளில் கணினியில் பிறந்தது. அதை உருவாக்கிய ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. நம்மூர்க் கலைஞர்களின் உழைப்பும் அந்தப் புலியில் சேர்ந்திருக்கிறது. திரைப்படத்தில் விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற 2001-ஆம் ஆண்டு விதிகளும் இந்தியப் படங்களைக் கணினி விலங்குகளின் பக்கம் திருப்பின. 2023-இல் வந்த ‘லியோ’ படத்தின் கழுதைப்புலி தமிழ் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு.

பொழுதுபோக்காளர் தெரிந்துகொள்ள வேண்டிய திருப்பம் 2024-இல் வந்தது. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோதிஸ், ஒரு கருப்புப் பூனையை நாயகனாக்கி ‘ஃப்ளோ’ என்ற படத்தை இலவச மென்பொருளான பிளெண்டரில் எடுத்தார். 2025 மார்ச்சில் அது சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. அந்தப் பூனைக்கு லட்சக்கணக்கான இழைகளை வளர்க்கவில்லை. தூரிகையால் தீட்டியது போன்ற பரப்புதான் அதன் ரோமம். ஆனால் அதன் பதுங்கல், தயக்கம், காது திரும்பும் வேகம், தண்ணீரைக் கண்டு பின்வாங்கும் உடல் எல்லாம் பூனையை நெடுநாள் பார்த்தவர் செய்தவை. 1968-இன் பூனையும் 2024-இன் பூனையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: விலங்கை விலங்காக்குவது அதன் உடலும் அசைவும்தான். ரோமம் அதன்மேல் வந்து உட்காரும் அழகு.

கருவி கைக்கு வந்த கதை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பொழுதுபோக்கு சாமானியருக்கு எட்டாதது. முப்பரிமாண மென்பொருள்களின் விலை அப்படி இருந்தது. அந்தக் கதவைத் திறந்தது பிளெண்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசெண்டால் உருவாக்கிய இந்த மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, அதன் மூல நிரலை விடுவிக்க 1 லட்சம் யூரோ தேவைப்பட்டது. பயனர்களே ஏழு வாரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். 2002 அக்டோபர் 13 முதல் அது எல்லாருக்கும் உரிய கட்டற்ற மென்பொருள்.

ரோமத்தைப் பொறுத்தவரை மூன்று ஆண்டுகள் முக்கியமானவை. 2019-இல் வந்த 2.80 பதிப்பில், உண்மையான ஒளிச் சிதறலைப் பின்பற்றும் மயிர் நிறமூட்டி இடம்பெற்றது. 2022-இல் வந்த 3.3 பதிப்பில், இழைகளைச் சீப்பால் வாருவது போலக் கையாளும் புதிய முறை வந்தது. 2023-இல் வந்த 3.5 பதிப்பு, கற்றையாக்கல், சுருட்டல், கலைத்தல் ஆகியவற்றை ஆயத்தக் கருவிகளாகவே தந்தது.

பாடப்புத்தகமாகப் பயன்படும் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் பிளெண்டர் குழுவினர் எடுத்த ‘பிக் பக் பன்னி’ (2008) ஒரு கொழுத்த முயலின் கதை. மென்பொருளின் ரோமக் கருவிகளை மேம்படுத்துவதே அந்தப் படத்தை எடுத்ததன் நோக்கங்களில் ஒன்று. ‘காஸ்மோஸ் லாண்ட்ரோமேட்’ (2015) படத்தின் நாயகன் ஃபிராங்க் என்னும் செம்மறி ஆடு. ‘ஸ்பிரிங்’ (2019) படத்தில் ஒரு சிறுமியும் அவள் நாயும் வருகிறார்கள். இந்தப் படங்களின் மூலக் கோப்புகளையே பெற்று, உள்ளே திறந்து, ரோமம் எப்படி நடப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். வணிக நிறுவனங்கள் பூட்டிவைத்திருக்கும் தொழில் ரகசியம் இங்கே திறந்த ஏடாகக் கிடக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை.

வேலையின் வரிசை

முதல் வேலை பார்ப்பது. விலங்கைப் பக்கவாட்டிலிருந்தும் முன்னிருந்தும் பின்னிருந்தும் மேலிருந்தும், அதன் உயரத்துக்குக் குனிந்து படம் எடுக்க வேண்டும். நாம் நின்றபடி எடுக்கும் படங்களில் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். அந்தப் பிழை அப்படியே மாதிரியில் ஏறிவிடும். அடுத்து, விரலால் ரோமத்தை விலக்கி, கன்னம், காதோரம், கழுத்து, முதுகு, வயிறு, வால் என்று இடத்துக்கு இடம் நீளத்தை அளவுகோலால் அளந்து குறிக்க வேண்டும். ரோமம் எந்தத் திசையில் படிகிறது, நெஞ்சிலும் தொடையிலும் எங்கே சுழி விழுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுக்குச் சுழி பார்த்து விலை பேசும் மணப்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல.

இரண்டாவது வேலை சட்டகம். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். சடை நாயின் வெளி உருவத்தையே உடலாக வடித்துவிட்டு, அதன்மேல் ரோமத்தையும் வளர்த்தால், விலங்கு ஊதிப் பெருத்துவிடும். வடிக்க வேண்டியது முடி மழித்த உடலை. பொமரேனியன் நாய் நனைந்தால் பாதியாகத் தெரியுமே, அந்த உடல்தான் நமக்கு வேண்டும். முதுகெலும்பு, தோள்பட்டை, விலா, இடுப்பு எலும்பு எங்கே என்று கையால் தடவி உணர்ந்து வடிப்பது நல்லது. வைக்கோல் போரின் நிலைப்பு நடுக்கம்பத்தில் இருப்பது போல, பஞ்சு உருவத்தின் நம்பகத்தன்மை இந்த மெலிந்த உடலில் இருக்கிறது.

மூன்றாவது ரோமம் நடுவது. எல்லா இழைகளையும் நாம் வைப்பதில்லை. வழிகாட்டி இழைகள் சிலவற்றை நட்டு, வாரி, வளைத்து வைத்தால், அவற்றுக்கு இடையிலுள்ளவற்றைக் கணினி நிரப்பிக்கொள்ளும். 2,000 வழிகாட்டி இழைகளுக்குத் தலா 100 துணை இழைகள் என்றால் 2 லட்சம் இழைகள் கிடைத்துவிடும். ஒரு சிறு நாய்க்கு இது நல்ல தொடக்கம். இங்கே நினைவில் வைக்க வேண்டியது, சடைப் பிராணிகளில் பலவற்றுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு என்பது. வெளியே நீண்ட, தடித்த மேல்முடி. உள்ளே குட்டையான, மென்மையான, சுருண்ட அடிமுடி. இரண்டையும் தனித்தனி அடுக்காக வளர்த்தால் புசுபுசுப்பு வரும். ஒரே அடுக்கில் நீளத்தை மட்டும் கூட்டினால் துடைப்பம்தான் வரும். நுனியில் இழைகள் கூடிக் கற்றையாவதும், அங்கங்கே ஓரிரு இழைகள் வழிதவறி நிற்பதும் உயிர் தரும் நுணுக்கங்கள்.

நான்காவது நிறம். பிளெண்டரின் மயிர் நிறமூட்டியில், நிறத்தை மெலனின் அளவாகவே தரலாம். அளவைக் கூட்டினால் கருப்பு, குறைத்தால் வெள்ளை. செம்மையைக் கூட்டினால் செவலை. வெள்ளை ரோமத்தில் ஒளி நிறத்தால் உறிஞ்சப்படாமல் இழைக்கு இழை தாவிக்கொண்டே இருப்பதால், அதைக் கணக்கிட நேரம் அதிகம் பிடிக்கும். கருப்பு ரோமம் வேகமாக முடியும். ஆனால் விளக்குகளைச் சரியான கோணத்தில் வைக்காவிட்டால் உருவம் இருட்டுக் கட்டியாகிவிடும். கருப்பு விலங்குக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும்.

ஐந்தாவது கண். பார்க்கிறவர் முதலில் தேடுவது கண்ணைத்தான். பூனையின் பாவை வெயிலில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். ஆட்டின் பாவை கிடைமட்டமான நீள்சதுரம். ஆடு தலையைக் குனிந்து மேயும்போது அதன் விழி உள்ளே உருண்டு, பாவையைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது என்பதை 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டைக் குனியவைக்கும்போது விழியையும் திருப்பத் தெரிந்தவர், அசல் ஆட்டை மேய்த்தவரையும் நம்பவைத்துவிடுவார்.

கடைசி வேலை நடை. உருவத்துக்குள் எலும்புக்கூடு பொருத்தும்போது, நாயும் பூனையும் விரல்களில் நடப்பவை, ஆடு குளம்பில் நடப்பது என்பதை மறக்கக் கூடாது. பின்னங்காலில் பின்னோக்கி மடங்கித் தெரியும் மூட்டு முழங்கால் அல்ல, அது கணுக்கால். மெதுவாக நடக்கும் பூனை இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால் என்ற வரிசையில் அடி வைக்கிறது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 படத்தகடுகளில் நாய், பூனை, ஆடு, மாடு எல்லாவற்றின் நடையும் சட்டம் சட்டமாகப் பதிவாகியிருக்கிறது. இன்று கைபேசியில் மெதுவோட்டக் காட்சி எடுத்தால் அதையே வீட்டு வாசலில் பெறலாம்.

நம் கணினி தாங்குமா

இப்போதைய பிளெண்டர் பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜி.பி. நினைவகமும், ஓரளவு புதிய கிராபிக்ஸ் வசதியும் வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் பிளெண்டர் அமைப்பு இன்னும் பொதுவில் வைத்திருக்கிறது. 2.79 போன்ற பதிப்பு எளிய கணினியிலும் ஓடும், ரோமமும் வளர்க்கும்.

நேரக் கணக்கு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் 10 நொடிக் காட்சிக்கு 240 சட்டங்கள். ஒரு சட்டத்துக்கு 5 நிமிடம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். மின்வெட்டு உள்ள ஊரில் இது பெரிய சோதனை. அதனால் காட்சியை ஒரே காணொளிக் கோப்பாகப் பதியாமல், சட்டம் சட்டமாகத் தனிப் படங்களாகப் பதிய வேண்டும். மின்சாரம் போனாலும் முடிந்த சட்டங்கள் வீணாகா. ஷீப்இட் போன்ற தன்னார்வக் கூட்டமைப்புகளில், நம் கணினியைப் பிறர் வேலைக்குக் கொடுத்து, பிறர் கணினிகளை நம் வேலைக்குப் பெறலாம். இவை எதுவும் வேண்டாம் என்பவர் ஒரே ஒரு நல்ல அசையாப் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொழுதுபோக்காளருக்கு நான் பரிந்துரைப்பதும் முதலில் அந்த ஒற்றைப் படத்தைத்தான்.

குறுக்கு வழிகளும் அவற்றின் எல்லையும்

இத்தனை பாடு எதற்கு, கைபேசியால் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால் முப்பரிமாண உரு வந்துவிடுமே என்று கேட்கலாம். கோயில் தூணுக்கும் சிலைக்கும் அது நன்றாக வரும். ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டு இணைப்பதுதான் அந்த முறை. செல்லப் பிராணி ஒரு நொடியும் அசையாமல் நிற்காது. நின்றாலும் ரோமத்தின் தோற்றம் கோணத்துக்குக் கோணம் மாறும். விளைவு, உருகிய மெழுகுபோல ஓர் உருவம். 2023-இல் பிரான்சிலிருந்து வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் என்னும் முறை, லட்சக்கணக்கான மெல்லிய ஒளித் திட்டுகளால் காட்சியைக் கட்டுவதால் பஞ்சுத் தன்மையை மேலாகவே காட்டுகிறது. ஆனால் அந்த உருவை எளிதில் நடக்கவைக்கவோ ரோமத்தை வாரவோ முடியாது.

ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் முப்பரிமாண உருவைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை தரும் உருக்களில் ரோமம் பெரும்பாலும் களிமண்ணில் கீறிய வரிகளாக இறுகி நிற்கிறது. உடலின் முன்மாதிரியை விரைவாகப் பெற அவை உதவும். அந்த அளவில் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அவை தருவது பொதுவான ஒரு நாயை. நம் வீட்டு நாயின் ஒரு காது மடிந்திருப்பதும், மூக்கில் தழும்பு இருப்பதும், அருகில் இருந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது வழி இழைகளே இல்லாமல் ரோமத்தை உணர்த்துவது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும் மெல்லிய ஓடுகளை அடுக்கி, ரோமத் தடிமனைக் காட்டும் முறையை ஜெட் லெங்கயலும் உடனிருந்தவர்களும் 2001-இல் நிகழ்நேர வரைகலைக்கு ஏற்றதாக்கினார்கள். விளையாட்டுகளில் இன்றும் அது பயன்படுகிறது. கைபேசியில் ஓடும் உரு வேண்டும் என்பவருக்கு இதுவே பொருத்தம்.

முப்பரிமாண அச்சில் பொம்மையாக எடுக்க விரும்புவோர் ஸ்ரீரங்கம் போய்வர வேண்டும். அரங்கநாதர் கோயிலின் சேஷகிரிராயர் மண்டபத்தில், 16-ஆம் நூற்றாண்டின் பாயும் குதிரைகள் தூண்களாக நிற்கின்றன. கல்லில் ஒற்றை மயிரிழை நிற்காது. ஆகவே சிற்பி முடியைக் கற்றைகளாகத் திரட்டி, ஒழுங்கான ஓட்டத்தில் செதுக்கித்தான் உணர்த்த முடியும். பிளாஸ்டிக் அச்சுக்கும் அதே எல்லை உண்டு. இழைகளை அச்சிட முடியாது, கற்றைகளை அச்சிடலாம். எந்தக் கற்றையைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பயிற்சிக்கு நம் மாவட்டத்தில் அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

எந்த விலங்கைத் தேர்வது

கற்றுக்கொடுக்கும் காணொளிகளில் பெரும்பாலும் வருபவை மேலைநாட்டு நாய்களும் பூனைகளும். நம் மண்ணின் நாய்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் குட்டை முடி கொண்டவை. இந்த வெயிலுக்கு ஏற்ற உடல் அவற்றுக்கு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. முதல் முயற்சியாக இவற்றில் ஒன்றை எடுப்பது அறிவுடைமை. குட்டை முடி தவறுகளை மறைக்காது. சட்டகப் பயிற்சி தானாக வரும். அடுத்த படியாகத் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக வளரும் பொமரேனியன் வகைச் சடை நாயை எடுக்கலாம்.

ஆனால் திருச்சி மாவட்டத்துக்காரர் தேட வேண்டிய விலங்கு வேறொன்று என்று கருதுகிறேன். அது திருச்சி கருப்புச் செம்மறி. தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை குட்டை முடி கொண்டவை. கம்பளி தரும் இனங்கள் நீலகிரி, கோயம்புத்தூர், திருச்சி கருப்பு போன்ற சிலவே. திருச்சி கருப்பு சிறிய உடல் கொண்டது, உடல் முழுக்கக் கருப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. காதுகள் குட்டையாகக் கீழ்நோக்கி நிற்கும். வால் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். கம்பளி மிகவும் முரடானது, நெருக்கமில்லாமல் திறந்து கிடப்பது. வேலை கற்பவருக்கு இந்த ஒவ்வொரு குணமும் ஒரு பாடம்: முரட்டுக் கற்றைக்குத் தடித்த இழை, திறந்த அமைப்புக்குக் குறைந்த அடர்த்தி, கருப்புக்குப் பின்விளக்கு, கிடைமட்டப் பாவை, குளம்பு நடை. ஃபிராங்க் என்னும் அந்த வெளிநாட்டுச் செம்மறியின் கோப்பைத் திறந்து படித்துவிட்டு, நம் ஆட்டை வடிக்கலாம்.

வளர்க்கக் கூடாத ஒரு விலங்கும் இங்கே உண்டு. மேற்கே கரூர், திண்டுக்கல் மாவட்ட எல்லையில், 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கான இந்தியாவின் முதல் சரணாலயம் அது. அடர்ந்த மென்ரோமமும் முன்நோக்கிய பெரிய விழிகளும் குச்சிக் கால்களும் கொண்ட இந்த இரவு விலங்கைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம். மூடநம்பிக்கையால் அது பட்ட பாடும் நமக்குத் தெரியும். அதைப் பிள்ளைகள் எல்லாக் கோணத்திலும் பார்க்க வேண்டுமானால், நல்ல கணினி மாதிரி ஒன்று உதவும். பள்ளி வகுப்பறையில் சுழற்றிக் காட்டலாம். காட்டிலுள்ள விலங்கை யாரும் தொட வேண்டியதில்லை.

என்ன கிடைக்கிறது, எது கிடைக்காது

இந்தப் பொழுதுபோக்கின் பலன்களை மூன்றாகப் பார்க்கலாம். முதலாவது அறிவு. உடற்கூறு, ஒளியியல், வடிவக் கணிதம், கொஞ்சம் நிரல் எழுதுதல் ஆகியவை ஒரே விலங்கின் வழியாக உள்ளே வருகின்றன. இரண்டாவது ஆவணம். நாட்டு இனங்களின் தோற்றத்தைப் பற்றிக் கால்நடை நூல்களில் சில வரிகளும் ஒன்றிரண்டு புகைப்படங்களும்தான் இருக்கும். அளந்து செய்த முப்பரிமாண உரு அவற்றைவிட அதிகம் சொல்லும். மூன்றாவது அன்பு. இறந்துபோன பிராணியின் நினைவாக அதன் உருவை வடிப்பவர்கள் உண்டு. அந்த வேலை நடக்கும்போது பழைய படங்களை மறுபடி மறுபடி கூர்ந்து பார்ப்பது துக்கத்தை ஆற்றுகிறது என்றால் அதை வீண்வேலை என்று யாரும் சொல்லலாகாது.

எல்லையும் உண்டு. கணினி நாய்க்குப் பசிக்காது. அதற்குத் தடுப்பூசி வேண்டாம். அதனால்தான் அது உயிருள்ள பிராணிக்கு ஈடாகாது. அதே சமயம், 40 பாகையைத் தொடும் திருச்சிக் கோடையில், குளிர்நாட்டுச் சடை நாயை அழகுக்காக மட்டும் வாங்கி மாடி வீட்டில் அடைத்துவைப்பதைவிட, அதன் மாதிரியைத் திரையில் வளர்ப்பது எல்லாருக்கும் நல்லது. அந்த அழகு வேண்டும் என்பவருக்கு அது கிடைத்துவிடும், எந்த உயிரும் வெயிலில் இரைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மென்பொருள் இலவசமாகிவிட்டது. பாடக் கோப்புகள் திறந்து கிடக்கின்றன. பழைய கணினிக்கும் வழி இருக்கிறது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கு சாமானியருக்குக் கைகூடுமா என்ற கேள்விக்கு, ஆம் என்பதே விடை. எந்த வழியில் என்ற கேள்விக்கு விடை: முதலில் உடல், பிறகு ரோமம், அதன்பின் கண், நடை கடைசியில். ரோமத்தில் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கும், உடலில் தொடங்கியவர்கள் முடித்துக் காட்டுவதற்கும் காரணம் இந்த வரிசைதான்.

பெரிய நிறுவனங்களிடம் இல்லாத ஒரு செல்வம் மருங்காபுரி வட்டாரத்துப் பிள்ளைகளிடம் இருக்கிறது: தினமும் தொட்டுப் பார்க்கக் கூடிய விலங்கு. அங்கே ஓர் ஆட்டைப் படமெடுக்கத் தனிப் பயணம் போக வேண்டும், இங்கே அது வாசலில் கட்டிக் கிடக்கிறது. ஊராட்சிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ள ஆசிரியர்கள் இதை ஒரு மன்றமாக நடத்தலாம். ஓர் ஆண்டுக்கு ஒரு நாட்டு இனம் என்று எடுத்து, அளந்து, வடித்து, எல்லாரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கலாம். திருச்சி கருப்பிலிருந்து தொடங்குங்கள்.